வாலைத் தூக்காத லேண்ட் ரோவர்

“ஆன்டி, ஒண்ணு மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லல.”

டட்சன் காரின் பின்சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தபோது கார் பிரிக்பீல்ட்ஸை விட்டு ஃபெடரல் ஹைவேயில் ஏறிக் கிள்ளான் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தைய புழுக்கம். முன்சீட்டில் இருந்த குணபூசணி திரும்பிப் பார்க்கவில்லை. பயந்த பிள்ளை வாயைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் வாகன விபத்துகளைத் துருவிய பெண்மணி அவர். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். கார் ஓட்டும் சோலையப்பன் அவருடைய உதவியாளன். உடம்பும் கொஞ்சம் கூடுதல், வாயும் கொஞ்சம் கூடுதல்.

ரமணிக்கு வயது பதினாறு. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நீலப் பினாஃபோர் உடுப்போடு பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தாள். மாடிப்படியில் நின்றபடியே அவள் மூச்சு வாங்கச் சொன்ன கதை இதுதான். அப்பா ரெங்கசாமி கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். சனிக்கிழமை ராத்திரி அந்தக் கிடங்கிலிருந்து பன்னிரண்டு வெள்ளீயக் கட்டிகள் காணாமல் போய்விட்டன. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது அப்பாவிடம். திங்கட்கிழமை போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. நாளைக்குக் காலையில் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் உண்மை வெளியே வராவிட்டால், 1983ஆம் வருஷத்தில் பன்னிரண்டு ஈயக்கட்டிக்கு என்ன விலையோ அதற்கேற்ற ஜெயில்.

ஆபீஸில் அவள் மூச்சுக்கு மூச்சு சொன்ன வார்த்தை, ‘எங்க அப்பா செய்யல.’ இப்போது காரில் குரல் வேறு மாதிரி இருந்தது.

“போன வாரம் அப்பா லேண்ட் ரோவருக்குப் புது ஸ்பிரிங் போட்டாரு. பின்னாடி ரெண்டு பக்கமும். அம்மாவுக்குத் தெரியாது. என்னையும் சொல்லக்கூடாதுன்னாரு.”

“பொண்டாட்டிக்குத் தெரியாம செலவு பண்றது குத்தம்னா, நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல பாதி ஆம்பளைங்க உள்ளதான் இருக்கணும்லா,” என்றான் சோலையப்பன்.

ரமணிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையில் வியர்த்ததைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். ஏதோ ஒரு எஸ்டேட் ஏலத்தில் விட்ட பழைய லேண்ட் ரோவர் அது. அப்பாவுக்கு உயிர், அம்மாவுக்கு எரிச்சல். சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில் மாதிரி கட்டியிருப்பார்களே, அந்த ஸ்பிரிங் இரண்டும் கிழடாகி வளைவு போய், வண்டியின் பின்பக்கம் தொங்கிவிட்டது. நாய் உட்கார்ந்த மாதிரி நிற்கும். வருஷக்கணக்காக அப்படியே கிடந்தது. அதை மாற்ற அப்பாவுக்குத் திடீரென்று ஏன் தோன்றியது? அதுவும் திருட்டு நடக்கச் சில நாளைக்கு முன்னால்? அறுநூறு கிலோவை அந்தப் பழைய ஸ்பிரிங் தாங்கியிருக்காது. புதுசு தாங்கும்.

அந்த யோசனை வந்த ராத்திரியிலிருந்து அவளால் சாப்பிட முடியவில்லை. போலீஸுக்கு ஸ்பிரிங் விஷயம் இன்னும் தெரியாது. தெரிந்தால் அதோடு முடிந்தது. சொல்லாமல் இருந்தால் அவளும் கூட்டு.

“அப்ப, நீ உன்ரை அப்பாவைச் சந்தேகப்படுறாய்,” என்றார் குணபூசணி. கேள்வி மாதிரி இல்லை. குற்றம் சாட்டும் குரலும் இல்லை.

ரமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமாம் என்று தலை ஆடியதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“எந்த ஒர்க்‌ஷாப்?”

“மேரு ரோட்டுல. ஆ ஹோக் கடை.”

“ஓம். அங்கை போவம்.”

குணபூசணியின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மகள் மலாயாவில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. ஆமாம் என்பதற்கு அவர் ஓம் என்று சொல்லும்போதெல்லாம் சோலையப்பன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணை மூடி, மந்திரம் கேட்ட பக்தன் மாதிரி நெஞ்சில் வைத்துக்கொள்வான். இப்போதும் வைத்தான். முன்னால் லோரி ஒன்று போவதை நினைத்துக் கண்ணை உடனே திறந்துகொண்டான்.

ஆ ஹோக்கின் ஒர்க்‌ஷாப் என்பது நாலு தகரம், ஒரு குழி, எண்ணெய் ஊறிய மண் தரை. அவன் எஸ்டேட் லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். தமிழும் மலாயும் கலந்து நன்றாகவே பேசினான். ரெங்கசாமி பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தான். போலீஸ் விஷயம் அவன் காதுக்கும் வந்திருந்தது. தன்னை எதிலும் மாட்டிவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மாற்றிய பழைய ஸ்பிரிங்கைக் குணபூசணி காட்டச் சொன்னதும் மூலைக் குவியலைக் கைகாட்டினான்.

குணபூசணி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியல் முன்னால் குனிந்தார். ரமணியும் பார்த்தாள். வில்லாக இருக்க வேண்டிய பட்டைகள் பலகை போல நேராகக் கிடந்தன. பட்டைக்குப் பட்டை நடுவே துரு ஏறி, எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

“சோலை, இதைப் பிரிச்சுப் பாரும்.”

சோலையப்பன் ஒரு கம்பியை விட்டு நெம்பினான். முகம் சிவந்ததுதான் மிச்சம். “அக்கா, இதுங்க புருஷன் பொண்டாட்டி மாதிரி. புடிக்குதோ புடிக்கலையோ, இனிமே பிரியாதுங்க.”

அப்படியென்றால் ஸ்பிரிங் தொங்கியது நேற்று இன்று இல்லை, பல வருஷமாக என்றார் குணபூசணி. மாற்ற வேண்டிய நிலைமைதான். அதில் தப்பில்லை. ரமணிக்கு ஒரு நிமிஷம் மூச்சு லேசானது.

அந்த ஒரு நிமிஷத்தை ஆ ஹோக் கெடுத்தான். புதுசாகப் போட்டது சாதாரண ஸ்பிரிங் இல்லை என்றான். வண்டியோடு வருவதைவிட மூன்று பட்டை கூடுதல். சுமை ஏற்றுகிறவர்கள் போடுவது. அதைத்தான் போட வேண்டும் என்று முன்கூட்டியே போன் வந்ததாம். யார் பேசியது? தமிழ் ஆள். ரெங்கசாமி வண்டிக்கு என்றுதான் சொன்னான். குரல் ரெங்கசாமியுடையதா என்று கேட்டதற்கு ஆ ஹோக் உதட்டைப் பிதுக்கினான். போனில் எல்லாக் குரலும் ஒரே குரல்தான்.

மூன்று பட்டை கூடுதல். ரமணிக்கு அதற்குப் பிறகு பேசியது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. அப்பா மீன் பிடிக்கத் தூண்டிலும் வாளியும்தான் ஏற்றுவார். தூண்டிலுக்கு எதற்கு மூன்று பட்டை?

ஆ ஹோக் மேலே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாளே ரெங்கசாமி கோபமாக வந்தாராம். கையில் ஒரு காலி ஆரஞ்சு சோடா போத்தல். அதை லேண்ட் ரோவரின் பின்டயர் மேலே நிறுத்திக் காட்டினாராம். டயருக்கும் மேலே உள்ள தகரத்துக்கும் நடுவில் போத்தல் நிமிர்ந்து நின்றது, இடிக்கவே இல்லை. ‘பாருய்யா, கோழி வாலத் தூக்குன மாதிரி நிக்குது, பள்ளத்துல எறங்குனா பல்லு உதிருது’ என்று சண்டை. வேலை நிறைய இருந்ததால் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னானாம். திங்கட்கிழமை வண்டி வரவில்லை. போலீஸ்தான் வந்தது, அவர் வீட்டுக்கு.

“கொண்டுவந்தா என்ன செய்யச் சொன்னவர்?” என்று கேட்டார் குணபூசணி.

ஆ ஹோக் பதில் சொல்வதற்குள் ரமணி வெளியே போய்விட்டாள். எதிர்க்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுக் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். குணபூசணி கடையில் மூன்று ஆரஞ்சு சோடா வாங்கி, ஒன்றை அவள் கையில் திணித்தார். தன்னுடையதைக் குடித்து முடித்ததும் காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“போத்தலுக்கு இருபது காசு, அக்கா,” என்றான் சோலையப்பன். “திருட்ட புடிக்க வந்து நாமளே ஆரம்பிச்சா எப்படி?”

“இப்ப வண்டி எங்கை, பிள்ளை?”

காப்பாரில் என்றாள் ரமணி. திங்கட்கிழமை போலீஸ் வீட்டு வாசலிலேயே லேண்ட் ரோவரைத் திறந்து பார்த்தது. ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது. நேற்று வேலாயுதம் மாமா வந்து எடுத்துக்கொண்டு போனார். அம்மா பவுனம்மாளின் ஒரே தம்பி. அப்பா உள்ளே போனதிலிருந்து வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது, வக்கீலைப் பார்க்க ஓடியது எல்லாம் அவர்தான். வண்டி வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், நானே கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கிடங்குச் சாவி வீட்டில் எங்கே இருக்கும் என்று குணபூசணி கேட்டார். முருகன் படத்துக்குப் பின்னால். யாருக்கெல்லாம் தெரியும்? வீட்டில் எல்லாருக்கும். மாமாவுக்கும்.

அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று ரமணிக்கு உறைத்தது. அவசரமாக, மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்றாள். அப்பாவைப் பற்றியும் முதலில் இப்படித்தான் சொன்னோம் என்பது அவளுக்கே நினைவு வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரை மாறி மாறிச் சந்தேகப்படுவது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

காரில் போகும்போதே திட்டம் போட்டார்கள். சோலையப்பன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் குத்தகைக்காரன். லேண்ட் ரோவர் வாங்க வந்திருக்கிறான். குணபூசணி அவனுக்கு அக்கா. ரமணி வழிகாட்ட வந்தவள்.

“சொந்த அக்காவா? எனக்கா?” என்றான் சோலையப்பன். “உங்க நெறத்துக்கும் என் நெறத்துக்கும் ஒரே ஆத்தா பெத்ததுன்னா மாமா அங்கேயே நம்பமாட்டாரு.”

“ஒண்டுவிட்ட அக்கா எண்டு சொல்லும்.”

காப்பாரில் செம்பனைக்கு நடுவே ஒற்றையாக நின்றது மாமாவின் பலகை வீடு. எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு மளிகைக் கடை, அதை ஒட்டித் தேத்தண்ணிக் கடை. வீட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், பின்பக்கம் கேன்வாஸ் மூடிய பச்சை லேண்ட் ரோவர். அதன் மூக்கு ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எந்த நேரமும் கிளம்பலாம் என்பது போல.

மாமா சட்டை போடாமல், தோளில் துண்டோடு வந்தார். ரமணியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு விரிந்தது. பள்ளிக்கூடம் போகாமல் இங்கே என்ன என்று அதட்டினார். வண்டி வாங்க ஆள் வந்திருப்பதைச் சொன்னதும், இவ்வளவு சீக்கிரமா என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம், இப்போது கொஞ்சம் வேலை இருக்கிறது, சாயங்காலம் படகுத்துறை ஜெட்டிப் பக்கம் போகவேண்டும் என்றார். ஆனால் வந்தவர்களை நிற்கவைத்து அனுப்ப மனமில்லாதவர் போல, எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்துத் தேத்தண்ணி சொன்னார்.

“எனக்கு தே ஓ கோசோங்,” என்றான் சோலையப்பன். “சீனி ஆகாது, டாக்டர் திட்றாரு.”

தே ஓ என்றால் பாலில்லாத தேத்தண்ணி; கோசோங் என்றால் காலி, வெறும் என்று அர்த்தம். தேத்தண்ணியில் சீனி இல்லாவிட்டாலும் கோசோங், பானையில் சோறு இல்லாவிட்டாலும் கோசோங். சோலையப்பன் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வாங்க வந்தவன் மாதிரியே ஸ்டியரிங்கை ஆட்டி, கியரைத் தட்டி, ஹாரனை அமுக்கிப் பார்த்தான்.

“உள்ள சாமான் ஏதும் இருக்கா, பாஸ்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா. வண்டி கோசோங்.”

தேத்தண்ணி வந்தது. சோலையப்பன் இறங்கி வந்து ஒரு வாய் குடித்தான். கிளாஸை உற்றுப் பார்த்தான்.

“பாஸ், உங்க ஊர்ல கோசோங்னா நாலு கரண்டி சீனியா?”

மாமா சிரித்தார். குணபூசணியும் சிரித்துக்கொண்டே லேண்ட் ரோவரின் பின்பக்கம் போனார். கைப்பையைத் திறந்து ஆரஞ்சு போத்தலை எடுத்தார். பின்டயர் மேலே நிமிர்த்தி வைக்கப் பார்த்தார். போகவில்லை. போத்தலின் கழுத்து மேல் தகரத்தில் முட்டியது. சாய்த்தார். அப்போதும் முட்டியது. மறுபக்கம் போய்ச் செய்தார். அங்கேயும் அதே கதை. கடைசியில் படுக்கவைத்தால்தான் போத்தல் உள்ளே போனது.

ரமணி மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆ ஹோக் கடையில் பாதிக் காதோடு கேட்டது இப்போது முழுசாகத் திரும்பி வந்தது. காலி வண்டியில் போத்தல் நின்றது. இப்போது நிற்கவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிய வண்டி சமமாக, சாதுவாக நிற்கிறது.

“என்னம்மா செய்றீங்க?” மாமாவின் சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது.

“புது ஸ்பிரிங் போட்டதெண்டு பிள்ளை சொன்னவள். காலி வண்டியெண்டால் பின்பக்கம் உயர நிக்கோணுமே?”

புது ஸ்பிரிங் போட்டால் முதலில் தூக்கும், ஓட்ட ஓட்ட உட்கார்ந்துவிடும் என்றார் மாமா. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உட்காருவதற்குச் சில மாசமாகும், ஒரு விரல் உட்காரும் என்றார் குணபூசணி. ஒரே வாரத்தில் நாலு விரல் உட்கார்ந்தால் ஸ்பிரிங் விற்ற கடைமேல் கேஸ் போடலாம். சொல்லிக்கொண்டே பின்பக்கக் கேன்வாஸைத் தூக்கிவிட்டார்.

உள்ளே வரிசையாகப் பைகள். பழைய உரப் பையை வெட்டித் தைத்தவை. ஒவ்வொன்றும் சின்னத் தலையணை அளவு, வாய் கட்டியிருந்தது.

“மணல்,” என்றார் மாமா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. “அந்த ஸ்பிரிங்கு ரொம்ப ஹார்டு. காலியா ஓட்டுனா குதிக்குது. அதான் பாரத்துக்கு மணல் போட்டேன். மணலெல்லாம் ஒரு சாமானா, அத போய்ச் சொல்லிக்கிட்டு?”

சோலையப்பன் ஒரு பையின் வாயைப் பிரித்து விரலை விட்டான். விரல் நுனியில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றிலும் விட்டான். மணல்தான். அவன் குணபூசணியைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை.

ஸ்பிரிங் கடினமாக இருந்தால் பாரம் போடுவது ஊர் வழக்கம்தான். நியாயமான பதில். மாமா நல்லவர். அப்படியென்றால் மறுபடியும் அப்பா.

“குறை நினைக்காதையுங்கோ,” என்றார் குணபூசணி. “நல்ல மணலா இருக்கு. என்ரை ரோசாச் செடிக்கு ஒரு பை தருவீங்களோ?”

“அதுக்கென்ன, தாராளமா.”

மாமா உள்ளே கை நீட்டினார். ரமணி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் இருந்த பையைத் தாண்டியது. அதற்குப் பக்கத்ததையும் தாண்டியது. மூன்றாவதையும் தாண்டிப்போய், மூலையில் இருந்த ஒன்றைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கி எடுத்தது. இவ்வளவு பை கிட்ட இருக்க, தூரத்தில் உள்ளதை எதற்கு எடுக்க வேண்டும்?

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவள் பின்படியில் ஏறிவிட்டாள். விளிம்பில் இருந்த முதல் பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மாமா ஒற்றைக் கையால் தூக்கிய அதே அளவுப் பை. அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். பையின் தையல் விட்டது. மணல் சரசரவென்று ஓடியது. ஓடி முடிந்த இடத்தில் வெள்ளையாக, மழுங்கலாக, ஒரு உலோகக் கட்டி உட்கார்ந்திருந்தது.

மாமாதான் முதலில் அசைந்தார். டிரைவர் சீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். சாவித் துவாரத்தில் சாவி இல்லை. சோலையப்பன் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

“வாங்க வந்தவன்ல, பாஸ். ஒரு பழக்கம்.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று ரமணி எதிர்பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, அம்மாவிடம் பேசுகிற அதே கனிவோடு பேசினார்.

“ரமணி. இது உங்கப்பா எடுத்ததும்மா.”

அவள் பைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“அவருதான் எடுத்தாரு. ஸ்பிரிங் மாத்துனது அவரு. சாவி அவருது. போலீஸ் வருதுன்னு தெரிஞ்சதும் எங்கிட்ட குடுத்து மறைச்சு வைக்கச் சொன்னாரு. அக்கா புருஷனாச்சேன்னு நான் வாய மூடிக்கிட்டு கெடக்குறேன். இத நான் இன்னிக்கு அப்புறப்படுத்திட்டா சாட்சியே இல்ல, நாலு நாள்ல வெளிய வந்துருவாரு. நீ இப்ப வாயத் தொறந்தா அப்பனுக்கு நீயே வெலங்கு மாட்டுற. யோசிச்சுக்கோ.”

ஸ்பிரிங். சாவி. ஒளித்துச் செய்த வேலை. அம்மாவிடம் சொல்லாதே என்ற அப்பாவின் முகம். நாலு நாளாக அவள் தன்னந்தனியாகத் தலைக்குள் சுமந்த அதே கணக்கை மாமா அப்படியே எடுத்து வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இறங்கிப் போய்விடலாம். எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

“பிள்ளை,” என்றார் குணபூசணி. “ஒர்க்‌ஷாப்பிலை நான் கடைசியாக் கேட்டதுக்கு ஆ ஹோக் என்ன சொன்னவன் எண்டு நீ கேக்கேல்லை. வெளியிலை போயிட்டாய்.”

ரமணி நிமிர்ந்தாள்.

“உன்ரை அப்பா போத்தலோடை போய் என்ன செய்யச் சொன்னவர் தெரியுமோ? அந்தக் கூடுதல் பட்டை மூண்டையும் கழட்டச் சொன்னவர். ஆர் போடச் சொன்னதெண்டு சத்தம் போட்டவர். நான் கேட்டது சாதா ஸ்பிரிங் எண்டவர்.” அவர் மாமாவைப் பார்க்காமலே பேசினார். “ரெண்டு நாளிலை அறுநூறு கிலோ ஏத்தப்போற மனிசன், சுமை தாங்குற பட்டையைக் கழட்டச் சொல்லிச் சண்டை பிடிப்பானோ?”

“ஈயம் திருடப் போறவன் ஸ்பிரிங்க மெலிசாக்கச் சொல்றதும், நான் விரதம் இருக்குறேன்னு சொல்றதும் ஒண்ணு,” என்றான் சோலையப்பன். “ரெண்டும் நடக்காது.”

போன் பண்ணித் தடித்த ஸ்பிரிங்காகப் போடச் சொன்னது வேறு ஆள். திருடும் கட்டிகளை ஏற்றிப்போக அந்த வண்டி சுமை தாங்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். பழைய ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி அப்பாவைக் கிளப்பிவிட்டதும் அதே ஆளாக இருக்கும். இதைக் குணபூசணி சொன்னபோது ரமணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா அப்பாவிடம், ‘மச்சான், அந்த வண்டிய பாத்தா பாவமா இருக்கு, நம்ம ஆ ஹோக்கிட்ட சொல்லி வைக்கிறேன், அக்காவுக்குத் தெரிய வேணாம்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பா சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எதையும் மறுக்கவில்லை. “அக்கா தாங்கமாட்டா, ரமணி,” என்று மட்டும் சொன்னார். அது மிரட்டலா கெஞ்சலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அது உண்மையும்கூட. அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மா தூக்கி வளர்த்த தம்பி.

சோலையப்பன் பின்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். வண்டி இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. யார் வந்து தள்ளினாலும் அவன் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவன் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. குணபூசணி ரமணியைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார். எதிரே மளிகைக் கடையில் போன் இருந்தது.

“நீங்க பேசுங்க ஆன்டி.”

“நான் சொன்னால் அது துப்பு. நீ சொன்னால் அது சாட்சி. ஸ்பிரிங் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லு. இனி அதாலை உன்ரை அப்பாவுக்குப் பாரமில்லை.”

ரோட்டைக் கடந்தார்கள். மழை ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் அவளுடைய பள்ளிக்கூட உடுப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனை முன்னால் நகர்த்தி வைத்தார். குணபூசணி போலீஸ் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். மறுமுனையில் ஒரு மலாய்க் குரல் கேட்டது. ரமணி பள்ளிக்கூட மலாயில் மெதுவாக, அழாமல் சொன்னாள். ஈயம் இருக்கும் இடம், வண்டி, பைகள், ஸ்பிரிங். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆளின் பெயரைக் கேட்டது.

அவளுக்கு வாயில் வந்தது மாமா என்பதுதான். இந்தப் பதினாறு வருஷத்தில் அவர் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எழுதியதும் இல்லை.

“வேலாயுதம்,” என்றாள்.

முழுப் பெயர் வேண்டும் என்றது குரல். இன்னாரின் மகன் என்று சொல்ல வேண்டும்.

“வேலாயுதம் அனாக் லெலாக்கி…” அங்கே நிறுத்தினாள். அதற்கு அடுத்தது தாத்தாவின் பெயர். அம்மாவின் அடையாளக் கார்டிலும் அதே பெயர்தான் இருக்கிறது. “பெரியண்ணன்.”

பேனா ஓடி நின்றதும் குரல் கடைசியாக ஒன்று கேட்டது. அந்த ஆள் உனக்கு என்ன உறவு?

பாக்சிக், அதாவது மாமா என்று சொல்லித் தப்பித்துவிடலாம். மலாயில் கடைக்காரரும் பாக்சிக், பஸ் டிரைவரும் பாக்சிக். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மழையில், மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இவளையே பார்த்தபடி நின்றிருந்தார்.

“ஆடிக் எமாக் சாயா,” என்றாள் ரமணி. அந்த முனைக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் போனை வைத்த பிறகு, யாரிடம் என்று இல்லாமல், தமிழிலும் ஒரு தடவை சொன்னாள்.

“எங்க அம்மாவோட தம்பி.”